காரைத் தூக்கும் சாய்சதுரம்

வழியில் காரின் டயர் பஞ்சர் ஆனால் ஓட்டுநர் ஒரு ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்துத் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள். கார்களில் வரும் ஒருவகை ஜாக்கியில் நான்கு இரும்புக் கரங்கள் சாய்சதுரமாக அமைந்திருக்கும். ஏன் இந்த வடிவம்?

நான்கு பக்கங்களும் சமமான நாற்கரமே சாய்சதுரம். வரையறை இவ்வளவுதான். கோணங்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. (ஆகவே சதுரமும் ஒரு சாய்சதுரமே. தேர்வில் இதை மறப்பவர் பலர்!)

தடித்த அட்டையில் நான்கு பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரு துளைகளுக்கு இடையே 25 செ.மீ. இருக்கட்டும். முனைகளை நூலால் தளர்வாகக் கட்டி, மூலைகளுக்கு வரிசையாக க, ச, த, ப எனப் பெயரிடுங்கள். அழுத்தினால் கோணங்கள் மாறும், பக்கங்கள் மாறா.

இப்போது எதிர்மூலைகளான ச, ப இரண்டையும் கவனியுங்கள். இரண்டும் க-விலிருந்து சமதூரத்தில் உள்ளன, த-விலிருந்தும் அப்படியே. இரு புள்ளிகளுக்குச் சமதூரத்தில் உள்ள எந்தப் புள்ளியும் அவற்றை இணைக்கும் கோட்டின் மையக்குத்துக்கோட்டில்தான் இருக்க வேண்டும் அல்லவா? எனவே கத என்னும் மூலைவிட்டம் சப-வைச் செங்குத்தாக இருசமக்கூறிடுகிறது. இதே காரணத்தால் சப-வும் கத-வை இருசமக்கூறிடுகிறது. எவ்வளவு நசுக்கினாலும் இது மாறாது.

ஜாக்கியின் திருகு கிடைமட்ட மூலைவிட்டத்தில் அமைந்துள்ளது. திருகும்போது அது குறுகுகிறது. மற்ற மூலைவிட்டம் செங்குத்தாகவே நீள்கிறது. கார் நேராக மேலெழுகிறது. (உண்மை ஜாக்கியில் கரங்கள் ஒரே புள்ளியில் கூடுவதில்லை, சிறு இடைவெளி உண்டு. கணக்குக்கு அதை விட்டுவிடுவோம்.)

எவ்வளவு எழும்? பாதி மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரு பக்கமும் சேர்ந்து செங்கோண முக்கோணம் ஆகின்றன. கிடைமட்ட மூலைவிட்டம் 48 செ.மீ. என்றால் அதில் பாதி 24. பிதாகரஸ் தேற்றப்படி 625 − 576 = 49; அதன் வர்க்கமூலம் 7. எனவே உயரம் 14 செ.மீ. திருகி 40 செ.மீ. ஆக்கினால் உயரம் 30 செ.மீ. ஆகிவிடும். 8 செ.மீ. குறைத்ததற்கு 16 செ.மீ. உயர்வு! ஆனால் அடுத்து 40-ஐ 30 ஆக்கினால் 10 செ.மீ. மட்டுமே உயரும்.

தொடக்கத்தில் லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சுற்றுக்கு அதிக உயரம் தூக்கினால் அதிக வேலை செய்தாக வேண்டும். அதனால்தான் ஜாக்கி தாழ்ந்திருக்கும்போது திருகுவது கடினம்; உயர உயர எளிது.

ஜாக்கி மட்டுமே தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். அட்டைச் சாய்சதுரத்தில் ஆபத்தில்லை. அதன் 30 செ.மீ. மூலைவிட்டத்தை 14 செ.மீ. ஆக்கினால் உயரம் எவ்வளவு கூடும்? முதலில் கணக்கிட்டு, பிறகு அளந்து பாருங்கள்.