பூட்டைக் கழற்றும் முன் ஓர் அளவு

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. ஒரு வீட்டில் வயதான பாட்டி ஒருவர் பகலில் தனியே இருப்பார். அன்று அவர் கதவை உட்புறமிருந்து சாவியால் பூட்டினார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். மாலையில் வேலை முடிந்து வந்த மகன், தம்மிடமிருந்த சாவியை வெளிப்புறத்திலிருந்து நுழைத்தார். அது முழுவதும் உள்ளே போகவில்லை. பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். தெருவே கூடித் தட்டியும் அரை மணி நேரம் கதவு திறக்கவில்லை. அந்த அரை மணியில் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு முடிவு செய்தார். பூட்டின் உள்ளே சாவி நுழையும் பகுதியை மட்டும் மாற்றிவிடுவது என்று. பழையதன் நீளத்தை அளந்தார், 70 மி.மீ. கடையில் 70 மி.மீ. நீளத்தில் புதியது ஒன்றை வாங்கி வந்தார். நீளம் மயிரிழை பிசகவில்லை. ஆனால் கதவில் அது பொருந்தவில்லை!

சரியான சாவி ஏன் நுழையவில்லை? சரியான நீளம் ஏன் பொருந்தவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டுப் பூட்டுக்கு மாற்று உறுப்பு வாங்கும் வேலையை நீங்களே பெரியவர்களுக்குச் செய்து கொடுக்கலாம்.

அதற்குமுன் ஒரு சங்கதி. பூட்டு மக்கர் செய்தால் உடனே கடைக்கு ஓடக்கூடாது. நோய் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். பூட்டின் நாக்கு தடையின்றி வெளியே வந்து உள்ளே போகிறதா? கதவைச் சாத்திய பிறகு மட்டும் இறுக்குகிறதா? அப்படியானால் குற்றம் பூட்டில் இல்லை, கதவில் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. கீல் திருகாணிகள் தளர்ந்தால் கதவு சற்றே தொங்கிவிடுகிறது. அப்போது நாக்கு, நிலையில் உள்ள துளைக்கு நேராக நிற்காது. துளையின் விளிம்பில் போய் முட்டும். எங்கே முட்டுகிறது என்று அறிய நாக்கின் நுனியில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துக் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புங்கள். நிலைத் தகட்டில் வெள்ளைத் தடம் விழும். தடம் துளைக்குக் கீழே விழுந்தால் கதவு தாழ்ந்திருக்கிறது. கீலின் திருகாணியை முடுக்கினாலே போதும். புதுப்பூட்டு வாங்கியிருந்தால் அதுவும் அப்படியே முட்டியிருக்கும்!

இரண்டாவது சோதனை இன்னும் எளியது. அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டாவது சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திறந்தால் தேய்ந்தது சாவிதான். இதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். தேய்ந்த சாவியையே கொடுத்து அதைப்போல் இன்னொன்று வெட்டித் தரச் சொல்கிறார்கள். வெட்டும் இயந்திரம் மூலச்சாவியின் பள்ளமேடுகளை அப்படியே தடவிப் பார்த்து வெட்டுகிறது. ஆகவே தேய்மானமும் சேர்ந்தே நகலாகிவிடுகிறது. புதிய சாவி பிறக்கும்போதே கிழடு. நகல் எடுக்க எப்போதும் புழங்காத சாவியையே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை எண்ணெய் பற்றியது. நம் வீடுகளில் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். அன்றைக்குப் பூட்டு திறக்கும், உண்மைதான். பிறகு எண்ணெயில் தூசி ஒட்டிக் களிம்பாகிறது. மேலும் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பூட்டு அடம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்குப் பதிலாக, மென்மையான பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்துச் சில முறை நுழைத்து எடுங்கள். பென்சில் கரியில் உள்ள கிராஃபைட்டின் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தவை. அடுக்குகளுக்கிடையே பிணைப்பு பலவீனமானது. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஈரப்பசை இல்லாததால் தூசியும் அவ்வளவாக ஒட்டாது.

மூன்று சோதனைக்கும் பூட்டு மசியவில்லை என்றால், உள்ளே ஏதோ ஓர் உறுப்பு கெட்டுவிட்டது. இப்போது உறுப்பைப் பற்றிப் பார்ப்போம்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் பூட்டு அது. உள்ளே தகடு தகடாக லீவர்கள் இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் தொழிலாளி அரத்தால் ராவி, அந்தப் பூட்டின் சாவிக்கு ஏற்றபடி பொருத்துகிறார். ஒரு பூட்டின் லீவரை எடுத்து இன்னொன்றில் போட்டால் சேராது. அதற்குத் தனியே உறுப்பு விற்பதில்லை. கெட்டால் பூட்டையே தொழிலாளியிடம் எடுத்துச் செல்ல வேண்டும். தொழிற்சாலைப் பூட்டின் கதை வேறு. யாரோ எங்கோ செய்த உறுப்பு உங்கள் வீட்டுக் கதவில் பொருந்த வேண்டும் என்றால், செய்தவருக்கும் உங்களுக்கும் பொதுவாக ஒன்று இருக்க வேண்டும். அதுதான் அளவு.

இன்று பல வீடுகளில் வாசல் கதவின் கனத்துக்குள் புதைத்து வைக்கும் பூட்டு இருக்கிறது. இதில் இரண்டு பாகங்கள். நாக்கும் விற்களும் கொண்ட பெட்டி ஒன்று. அதைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போகும் சிலிண்டர் ஒன்று. சாவி தொலைந்தாலோ தேய்ந்தாலோ சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கடைக்காரர் முழுப்பூட்டையும் மாற்றச் சொன்னால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது? வரிசையாக ஐந்து அல்லது ஆறு சிறு துளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டுகளாக ஒரு பித்தளைக் குச்சி. அதன்மேல் ஒரு சுருள்வில். இக்குச்சிகளைப் பின்கள் என்பார்கள். சரியான சாவி நுழைந்தால், துண்டுகள் சந்திக்கும் இடங்கள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை சுழலும். ஒரு பின் கொஞ்சம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் சுழலாது. பண்டைய எகிப்தின் மரப்பூட்டுகளிலேயே இத்தத்துவம் இருந்தது. அமெரிக்காவில் லைனஸ் யேல் என்ற இளையவர் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்று இதைச் சிறிய உலோகப் பூட்டாக்கினார். ஐந்து பின்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் 6 × 6 × 6 × 6 × 6 = 7,776 வகைச் சாவிகள். ஆறாவது பின் சேர்ந்தால் 46,656. அடுத்தடுத்த பள்ளங்கள் மிகவும் வேறுபட்டால் சாவி நுழையாது. எனவே உண்மையில் பயன்படுபவை இதைவிடக் குறைவு. இருந்தாலும் ஆறு பின் உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது.

இனிப் பாட்டி வீட்டுக்குத் திரும்புவோம். சிலிண்டரின் நடுவில் ஒரு பல் நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கைத் தள்ளுவது அதுதான். இருபுறச் சாவிகளும் அந்த ஒரே பல்லைத்தான் சுழற்றவேண்டும். சாவியின் நுனி, நடுவிலுள்ள ஒரு சிறு இணைப்பைத் தள்ளித் தன் பக்கத்தைப் பல்லோடு சேர்க்கிறது. உட்புறச் சாவி அங்கேயே இருந்தால் இணைப்பு நகர இடமில்லை. வெளிச்சாவி பாதியில் நின்றுவிடும். எனவே முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு, வெளியே சாவியும் உள்ளே திருகும் குமிழும் உள்ள சிலிண்டரே ஏற்றது. தீப்பிடித்தால் இருட்டில் சாவி தேட வேண்டியதில்லை. ஆனால் கதவில் கண்ணாடி பதித்திருந்தால், அதை உடைத்துக் கையை விட்டுக் குமிழைத் திருப்பலாம். அங்கே, ஒரு பக்கம் சாவி இருந்தாலும் மறுபக்கச் சாவி வேலை செய்யும் வகையைத் தேட வேண்டும்.

இரண்டாவது கேள்வி நீளம். சிலிண்டரின் மொத்த நீளம் பாதிச் செய்திதான். கதவின் ஓரத்தில், நாக்குக்குக் கீழே ஒரு நீளத் திருகாணி தெரியும். அது சிலிண்டரின் நடுவே புகுந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அளவை அந்தத் துளையின் மையத்திலிருந்து இரு முனைகளுக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். பாட்டி வீட்டுச் சிலிண்டர் உட்புறம் 30, வெளிப்புறம் 40. வாங்கி வந்ததோ 35, 35. உட்புறம் 5 மி.மீ. துருத்தியது, வெளிப்புறம் 5 மி.மீ. உள்வாங்கியதால் சாவியின் தலை கைப்பிடித் தகட்டில் முட்டியது. குமிழ் வைத்ததை வாங்கினால் எந்த நீளம் குமிழ் பக்கம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். திருப்பிப் போட முடியாது.

வெளியே அதிகம் துருத்துவது பார்வைக்கு மட்டும் அசிங்கமில்லை, ஆபத்தும்கூட. திருகாணித் துளை இருக்கும் இடத்தில்தான் சிலிண்டரின் உலோகம் மிக மெல்லியது. துருத்திய முனையைக் குறட்டால் பற்றி நெம்பினால் அங்கே ஒடியும். நெம்புகோல் பாடத்தைத் திருடர்களும் படித்திருக்கிறார்கள். தகட்டுக்கு வெளியே 2, 3 மி.மீ.க்கு மேல் நீளாமல் இருப்பதே நல்லது.

பெட்டியையும் மாற்றவேண்டி வந்தால் இன்னும் மூன்று அளவுகள் வேண்டும். கதவின் ஓரத்திலிருந்து சாவித்துளையின் மையம் வரை ஒன்று. கைப்பிடிக் கம்பியின் மையத்திலிருந்து சிலிண்டரின் மையம் வரை ஒன்று. நம் கடைகளில் 85 மி.மீ. சாதாரணம், ஜெர்மனியில் 72, 92. சதுரக் கம்பியின் பக்க அளவு ஒன்று. பெரும்பாலும் 8 மி.மீ. இதற்குப் பள்ளி ஆய்வகத்தில் பழகிய வெர்னியர் காலிப்பர் உதவும். கதவு வலம் திறக்கிறதா, இடமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாய்ந்த நாக்கு அதற்கேற்ப இருக்க வேண்டும்.

கடைசியில் திருகாணி. பித்தளைத் தகட்டுக்கு இரும்புத் திருகாணி மலிவாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அதில் அரிபடுவது இரும்பு. சின்னத் திருகாணி, பெரிய தகடு என்னும்போது அரிப்பு இன்னும் விரைவு. நாகப்பட்டினம், இராமேசுவரம் போன்ற கடற்கரை ஊர்களில் பித்தளைக்குப் பித்தளையே வேண்டும்.

சிலிண்டரைக் கழற்றுவது எப்படி? கதவு திறந்தே இருக்கட்டும். ஓரத் திருகாணியை முழுவதும் கழற்றுங்கள். சாவியைப் போட்டுச் சிறிது திருப்பி, நடுப்பல் உடலுக்கு நேராக வரும் இடத்தில் மெல்ல இழுங்கள், வந்துவிடும். பாட்டியின் மகன் கடைக்குப் பழையதையே கையில் எடுத்துக்கொண்டு போய், 30 குமிழும் 40 சாவியுமாக மாற்றி வந்தார். பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு தாம்பாளத்தின்மேல் வைத்துப் பிரித்தபோது விற்கள் துள்ளி ஓடின. ஒன்று இன்னமும் அகப்படவில்லை. நீங்கள் பிரிப்பதானால் ஒளி ஊடுருவும் ஒரு பாலிதீன் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள். பின்களை வரிசை மாறாமல் காகிதத்தில் அடுக்கி, சாவியின் பள்ளங்களை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பின் என்பது பார்த்தவுடனே தெரியும்.