பரணில் ஓர் இரவு

வெள்ளவத்தையிற் குடியிருப்போருக்கு இரவிலே இரண்டு ஓசைகள் பழக்கம். ஒன்று கடல்; மற்றது கடலோரமாய் ஓடும் புகைவண்டி. இவ்விரண்டும் எட்டாத ஓரிடத்தில் ஓரிரவாவது உறங்க வேண்டுமென்பது என் நெடுநாளைய ஆசை. சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் என் மகன் அதற்கு வழி கண்டான். "தியலும அருவியைப் பார்த்துவிட்டு, அன்றிரவு மரவீட்டில் தங்குவோம், அப்பா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. வன்னியிலே என் பாட்டனார் பன்றிக்காவலுக்கு ஏறியிருந்த பரணுக்கு இப்பொழுது இப்படியொரு பெயரும் வாடகையும் வந்துவிட்டன போலும்!

விடியுமுன் புறக்கோட்டையிற் பேருந்தேறி, இரத்தினபுரி, பெலிஹுல்லோயா, ஹல்துமுல்ல வழியாகப் பெரகலைச் சந்தியைத் தாண்டினோம். அதன்பின் கொஸ்லந்தை வரை தேயிலை மலைகள். மீரியபெத்தைத் தோட்டம் இப்பக்கத்திலேதான் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மலை சரிந்து லயன்களை மூடியது. எனக்கருகே அமர்ந்திருந்த மூதாட்டி அத்திசை நோக்கிக் கைகூப்பினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கொஸ்லந்தையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் அருவி வீதியோரத்திலேயே எதிர்ப்பட்டது. உயரம் 220 மீற்றர். அதாவது ஏறக்குறைய 720 அடி. இலங்கையில் இதனை விஞ்சியது பம்பரகந்தை அருவி ஒன்றே. ஆனால் அடிக்கணக்கு அருவியைக் காட்டாது. மேலே நீராய்ப் புறப்படுவது பாதி வழியிற் புகையாகிறது, காற்று அதனை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பாறையைக் காட்டுகிறது, மறுகணம் மூடிவிடுகிறது. மலைநாட்டுக்குத் துரத்தப்பட்ட தலைவன் ஒருவன், தன் காதலியைக் கொடியாலாகிய கயிற்றில் மேலே தூக்க முயன்றபோது அவள் பாறையில் மோதி மாண்டாள் என்றும், அக்கொடுமையை மறைக்கத் தேவர்கள் மலையிலிருந்து நீரைப் பெருக்கினர் என்றும் ஒரு கதை உண்டு. வேடர்களைப் பற்றி நூல்கள் எழுதிய அறுவை வைத்தியர் ஸ்பிற்றல் அதனை எழுதிவைத்திருக்கிறார். கதையை நம்பாதவரும் அந்தத் திரையை ஒருமுறை பார்த்தால் மறுத்துப் பேச மாட்டார்.

புனாகலை ஓயா என்ற பெயரோடு விழும் அந்நீர் கிரிந்தி ஓயாவிற் கலந்து தெற்கே போகிறது. நாங்களும் தெற்கே போனோம். வெல்லவாயவைத் தாண்டி, ஹந்தபானாகல குளத்துப் பக்கம், மலை முற்றாக நீங்கி வரண்ட காடு தொடங்குமிடத்தில் ஒரு சேனை. சோளன் ஆளுயரம் வளர்ந்து கதிர் முற்றி நின்றது. ஓரத்திற் கச்சான். நடுவே ஒரு புளியமரம். அதன் கவர்களிலே தடிகளை அடுக்கி, இலுக்கம்புல் வேய்ந்த குடில். ஏணி இருபது அடிக்குக் குறையாது. என் பாட்டனாரின் பரணே அது. மெத்தையும் நுளம்புவலையும் மாத்திரம் புதியவை.

நம் முன்னோர் இதனை இதணம் என்றும் அழைத்தனர். தினைப்புனத்திற் கிளி கடிந்த குறிஞ்சி மகளிரைச் சங்கப் பாடல்களில் எத்தனை முறை சந்திக்கிறோம்! வள்ளிநாயகி பரணேறி நின்றதாகச் சொல்லப்படும் கதிர்காமமும் அங்கிருந்து அதிக தூரமன்று. சிங்கள மக்கள் இதனைப் 'பெல' என்பர். காவலிருப்போர் உறக்கமும் தனிமையும் போகப் பாடியவை 'பெல் கவி' என்ற தனியொரு நாட்டுப்பாடல் வகையாகவே நிலைத்துள்ளன. பாட்டிலே இனிக்கும் இப்பரண் உண்மையில் ஏழையின் வேலைத்தலம் என்பதைப் படித்தவர்களாகிய நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அதை எனக்கு நினைவூட்டியவர் சேனைக்காரர். ஐம்பது வயதிருக்கும், சிங்களத்தில் மெல்லப் பேசினார். மகன் மொழிபெயர்த்தான். முந்திய போகத்தில் ஒரே இரவில் யானைகள் சோளன் முழுவதையும் தின்று மிதித்துவிட்டனவாம். கடைக்காரரிடம் பட்ட விதைக்கடன் நின்றது. அதன்பிறகே பரணை வாடகைக்கு விட்டாராம். யானை வெடிகளும் ஒரு கைவிளக்கும் எடுத்துக்கொண்டு, வேலியோரத்துச் சிறிய பரணுக்குத் தாம் காவலிருக்கப் புறப்பட்டார்.

"இன்றிரவு யானை வருமா?" என்று மகன் ஆவலோடு கேட்டான்.

அவர் சற்றே சிரித்தார். "இங்கே தங்குகிறவர்கள் எல்லாரும் வரவேண்டும் என்று வேண்டுகிறார்கள், தம்பி. நான் வரக்கூடாது என்று வேண்டுகிறேன். எங்கள் இருவரில் யாருடைய வேண்டுதல் பலிக்கிறதோ!"

ஒளிப்பானேன்? நானும் வரவேண்டுமென்றே எண்ணியிருந்தேன்.

நள்ளிரவு கழிந்து சோளத்தட்டு முறியும் ஓசை கேட்டது. காலடி ஓசை இல்லை. அவ்வளவு பெரிய உடல் அவ்வளவு மெல்ல நடக்குமென்று யாரும் சொல்லி நம்பியிருக்க மாட்டேன். பிறகு ஒரு வெடி, "ஹூ, ஹூ" என்ற நீண்ட கூவல், இன்னொரு வெடி. மரம் அதிர்ந்ததா நான் நடுங்கினேனா தெரியாது. இலங்கையில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இப்போராட்டத்தில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் மடிந்தனர். பத்திரிகையில் அவ்வெண்களைப் படித்துப் பக்கத்தைப் புரட்டியவன் நான். இப்பொழுது இருளுக்குள் ஒரு மனிதனின் குரல் அடுத்தமுறை எழுமோ எழாதோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தது. பலமுறை எழுந்தது. விடியும்வரை எழுந்தது.

காலையில் இறங்கிப் பார்த்தோம். தெற்கு மூலையில் ஒரு சிறு துண்டு நிலம் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. "இவ்வளவோடு போயிற்று" என்று அவர் மகிழ்ச்சியாகவே சொன்னார். மகன் படமெடுக்க எடுத்த கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான். அவர் மனைவி வெறுந்தேநீரும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்தார். வாடகைக்கு மேலாக நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்து, ஒரு பை நிறையக் கச்சானைத் தந்தார்கள்.

நாங்கள் விடைபெற்றதும் அவர் புளியமரத்து ஏணியில் ஏறினார். வேலியை அடைந்து திரும்பிப் பார்த்தோம். நாங்கள் படுத்த மெத்தையில், சேறு படிந்த கால்கள் இரண்டும் வெளியே தொங்க, அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.