இவரை உள்ளே விட்டது யார்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்பே, ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ வளைவு வந்துவிடும். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோவில் மிஞ்சியிருப்பது அந்த வளைவுதான். உள்ளே இப்போது வீடுகள். இங்கே எடுத்த மந்திரி குமாரியையும் அலிபாபாவையும் சேலத்துக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதே ஸ்டுடியோவில் 1950-இல் வந்த ‘திகம்பர சாமியார்’ படத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து எடுத்த துப்பறியும் கதை அது. துப்பறியும் சாமியாராக நடித்தவர் எம்.என். நம்பியார். பின்னாளில் வில்லன் என்றாலே நினைவுக்கு வந்த அந்த முகம், இதில் பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் குற்றவாளியைத் துரத்துகிறது.

அத்தனை வேடங்களை இன்றைய வாசகர் நம்பமாட்டார். மீசையை மாற்றி ஒட்டிக்கொண்டால் எதிரே நிற்பவனுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகுமா? ஆனால் துப்பறிபவரைச் சாமியாராக ஆக்கினாரே வடுவூரார், அதை நான் முழுதாக நம்புகிறேன். துறவி யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. போலீஸ்காரரிடம் வாயைத் திறக்காத வீட்டுப் பெண்கள் அவரிடம் மனக்குறையைக் கொட்டுவார்கள். இங்கிலாந்தில் செஸ்டர்டன் தன் ஃபாதர் பிரவுனைப் பாதிரியாராகப் படைத்ததற்கும் இதே காரணம்தான். பாவமன்னிப்புக் கேட்டு வருகிறவர்களின் வாயிலிருந்தே மனிதன் எவ்வளவு தூரம் இறங்குவான் என்று அறிந்தவர் அவர்.

போலீஸ் வேலையில் இல்லாத ஒருவர் கொலையைக் கண்டுபிடிக்கும் நாவலை எடுத்தால், ‘இவருக்கு இவ்வளவு மூளையா?’ என்று நாம் சந்தேகப்படுவதே இல்லை. மூளையை வாசகர் தாராளமாகக் கொடுத்துவிடுவார். கதை சறுக்குவது வேறு இடத்தில். பிணம் கிடக்கும் அறைக்குள் இவரை யார் விட்டார்கள்? சாட்சி இவருக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? போலீஸுக்குக் கிடைக்காத தகவல் இவருக்கு எப்படிக் கிடைத்தது? இவற்றுக்கு விடை இருந்தால் கதை நிற்கும். இல்லையென்றால் எவ்வளவு சாமர்த்தியமான முடிச்சும் அவிழ்ந்துவிடும்.

தமிழில் இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது தேவன் கண்டது. 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். தற்செயல் எதுவும் துப்பறிபவருக்கு உதவக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. பின்னாளில் ஆனந்த விகடனில் வந்த தேவனின் துப்பறியும் சாம்பு, அந்தக் கட்டளையைத் தலைகீழாக்கியே பிறந்தவர். சாம்பு எதையும் கண்டுபிடிப்பதில்லை. தடுக்கி விழுவார், அங்கே திருட்டு நகை இருக்கும். ஆனாலும் அந்தக் கதைகளில் பொய் இல்லை. காரணம், சாம்பு புத்திசாலி என்று தேவன் எங்குமே சொல்லவில்லை. அப்படி நம்புவது இன்ஸ்பெக்டர் கோபாலனும் ஊராரும்தான். ஒருமுறை புகழ் வந்துவிட்டால், அதன்பின் ஒருவர் வாய்மூடி இருப்பதையே ஆழ்ந்த யோசனை என்று உலகம் எடுத்துக்கொள்ளும். இது நம் ஊரில் தினமும் நடப்பதுதானே!

சுஜாதா வழக்கறிஞர் கணேஷைக் கொண்டுவந்தார். வக்காலத்து இருந்தால் கேள்வி கேட்க உரிமை வந்துவிடுகிறது. எண்பதுகளின் மாத நாவல்களுக்கு வேறொரு நெருக்கடி. மாதாமாதம் ஒரு கொலை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை பிணத்தின்மேல்தான் தற்செயலாக வந்து நிற்க முடியும்? பட்டுக்கோட்டை பிரபாகர் பரத்துக்கும் சுசீலாவுக்கும் மூன்லைட் ஏஜென்சி வைத்துக்கொடுத்தார். இரட்டை எழுத்தாளர்களான சுபா நரேந்திரனையும் வைஜெயந்தியையும் ஈகிள்ஸ் ஐ நிறுவனத்தில் வேலைக்கு அமர்த்தினார்கள். ராஜேஷ்குமார் விவேக்கைப் போலீஸாகவே ஆக்கிவிட்டார். தொடர்ந்து எழுத அது வசதியான வழிதான். ஆனால் அதோடு தமிழில் தொழில்முறை அல்லாத துப்பறிவாளர் ஏறக்குறைய மறைந்துபோனார். அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

நிஜத்தில் அப்படிப்பட்டவருக்கு இடமே இல்லையா? சட்டத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். போலீஸ் அதிகாரியிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைத் தடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் தனிமனிதர் ஒருவரிடம் மனம் உடைந்து சொன்னது சாட்சியமாகலாம். அது பலவீனமான சாட்சியம்தான், நீதிமன்றம் மிகக் கவனமாகத்தான் எடைபோடும். என்றாலும் கதவு மூடப்படவில்லை. இன்ஸ்பெக்டருக்கு இல்லாத ஒரு வழி சாதாரண மனிதருக்கு இருக்கிறது.

‘விஏஓவிடம் சரண்’ என்ற தலைப்பைச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். சிட்டா, அடங்கல் அவர் கையில். யார் நிலம் யார் பெயரில், எந்த அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு, எந்தச் சாவுக்குப் பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு யார் அவசரப்பட்டார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். சந்தேக மரணம் என்றால் போலீஸுக்குத் தகவல் சொல்வதும் அவர் கடமை. உள்ளே விட்டது யார் என்ற கேள்வியே இவரிடம் எழாது.

ஆபத்தும் அவருக்கு உண்டு. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த விஏஓ ஒருவர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பல துப்பறியும் நாவல்களில் நான் காணாதது இந்த உண்மைதான். உண்மையைத் தோண்டுகிறவர் மறுநாளும் அதே ஊரில் குடியிருக்க வேண்டும். அதே கடையில் மளிகை வாங்க வேண்டும். அவருடைய பிள்ளை அதே பள்ளிக்குப் போக வேண்டும். அந்தப் பயம் இல்லாத நாவலை என்னால் நம்ப முடியவில்லை.

ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் நின்று பார்த்தால் இப்படியொரு நாவலுக்கு வேண்டியதெல்லாம் எதிரிலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து மேலே போக இரண்டு சாலைகள். ஒன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு அடிவாரத்திலிருந்து ஏறுகிறது, மற்றது குப்பனூர் வழி. முதல் பஸ்ஸில் யார் ஏறினார், கடைசி பஸ்ஸில் யார் இறங்கவில்லை என்று கண்டக்டருக்குத் தெரியும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் யார் எத்தனை கிலோ பறித்தார் என்று எடை போட்டு எழுதுவார்கள். வழக்கமாகக் கூடை நிறையப் பறிக்கும் கை ஒருநாள் பாதிதான் பறித்திருந்தால், எழுதுகிறவர் கண்ணில் அது படாமல் போகாது. சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடி, சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்க்கட்டுப்பாடு, எஸ்டேட் பங்களாவின் பூட்டிய அறை என்று எல்லாமே துப்பாகலாம்.

சுற்றுலா வந்த சென்னைக்காரர் இரண்டே நாளில் இந்த மலையின் கொலையைக் கண்டுபிடித்தார் என்று எழுதாதீர்கள். அந்த எடைக் கணக்கை எழுதும் ரைட்டரையோ, பஸ் கண்டக்டரையோ, விஏஓவையோ நாயகராக்குங்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. பாதிக் கதை நடக்கும் அடுப்படிக்குள் அவரால்தான் போக முடியும். சேலம் எழுத்தாளர்களே, அந்த நாவலை நீங்கள்தான் எழுத வேண்டும். கடைசி அத்தியாயத்தில் விலங்கு மாட்டுகிற வேலையை மட்டும் ஏற்காடு போலீஸ் ஸ்டேஷனிடம் விட்டுவிடுங்கள்.