வலிக்காத காலில்தான் ஆபத்து! கம்ப்யூட்டரில் கணக்கு போட்ட சென்னை ஐ.ஐ.டி.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத், பிரஸ் மெஷின் ஓட்டுபவர்களுக்கு நின்றபடிதான் வேலை. ஒரு ஷிப்ட் என்றால் 8 மணி நேரம், ஓவர் டைம் வந்தால் அதற்கும் மேல். இவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஷூவுக்குள் இரும்புப் பிசிறு குத்தினால்கூட சில நேரம் தெரிவதில்லை. "வலிக்கவே இல்லையே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடுகிறார்கள். விரலை எடுக்கணும் என்று டாக்டர் சொல்லும்போதுதான் வீடே பதறுகிறது.

வலிக்காத காலில் புண் எப்படி வருகிறது? இதற்கான விடை முதலில் கிடைத்தது தொழுநோயாளிகளின் காலில்.

கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்கார டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகும் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. அப்படி இல்லை, உணர்ச்சி போன காலில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்துவதால்தான் புண் வருகிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். நமக்கு கால் வலித்தால் தெரியாமலே எடையை மாற்றி நிற்போம், லேசாக நொண்டுவோம். மரத்துப்போன கால் அதைச் செய்யாது.

சரி, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம்? உயிருள்ள காலுக்குள் கருவியை வைத்து அளக்க முடியாதே. இங்கேதான் கம்ப்யூட்டர் வந்தது.

சென்னை ஐ.ஐ.டி. பயோமெடிக்கல் பிரிவில் பேராசிரியர் எம்.கே.பாட்டீலும், சாந்தி ஜேக்கப்பும் பாதத்தின் எக்ஸ்ரே படத்தை வைத்து கம்ப்யூட்டரில் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். எலும்பு, குருத்தெலும்பு, தசைநார், உள்ளங்கால் சதை எல்லாம் அதில் உண்டு. அதை சின்னச் சின்னத் துண்டுகளாகக் கூறு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணக்கிட்டார்கள்.

இது ஏதோ புரியாத வித்தை இல்லை. கார் பார்ட் எந்த இடத்தில் உடையும் என்று டிசைன் என்ஜினீயர்கள் சிவப்பு, நீலம் என்று கலர் படம் காட்டுவார்களே, அதே முறைதான்.

குதிகால் இல்லை, முன்பாதம்

1999-ல் வெளியான அந்த ஆய்வில், குதிகாலை ஊன்றும்போதோ பாதம் முழுவதும் பதிந்து நிற்கும்போதோ அல்ல, முன்பாதத்தை அழுத்தி உந்தும்போதுதான் எலும்புகளில் அழுத்தம் உச்சத்துக்குப் போவது தெரிந்தது.

அடுத்து சர்க்கரை நோயாளிகளின் கால். பாட்டீல், வி.ஜே.தாமஸ், எஸ்.ராதாகிருஷ்ணன் ஆகியோர் 2004-ல் வெளியிட்ட கணக்கு இன்னும் முக்கியம். உள்ளங்கால் கெட்டியாகி, அடியில் உள்ள மெத்து குறைந்தால், அதே எடைக்கு அழுத்தம் எகிறுகிறது.

பஞ்சு மெத்தையில் படுப்பதற்கும் கிழிந்த பாயில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் அதிகமாக இருந்தால் தோலும் சதையும் விறைத்துவிடும். அப்புறம் எலும்புக்கும் தரைக்கும் நடுவில் நசுங்குவது அந்த சதைதான். மேலே தோல் நன்றாகத் தெரியும், உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் காய்ப்பு ஏறுவதும் இதனால்தான். காய்ப்பு ஏற ஏற, ஷூவுக்குள் கல் கிடப்பது மாதிரி அழுத்தம் இன்னும் கூடும். அதை பிளேடு வைத்துச் சீவுவது, கால் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவது எல்லாம் கூடவே கூடாது. டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

தொழுநோயாளிகளுக்காக வேலூர் பக்கம் பரவிய எம்.சி.ஆர். செருப்பு இப்போது சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கப்படுகிறது. மேலே மெத்தென்ற ரப்பர் பாரத்தைப் பரப்பிவிடும், அடியில் உள்ள கெட்டி சோல் ஆணியைத் தடுக்கும். ஆனால் பிரஸ் ஷாப்பில் செருப்போடு நிற்க முடியாது, சேப்டி ஷூ கட்டாயம். அதற்குள் போடும் மெத்து அட்டை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். ஷூ இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதுவே புண்ணாக்கும்.

ஷூவை மாட்டும் முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ராத்திரி உள்ளங்காலை கண்ணாடியில் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கால் மரத்துவிட்டதா என்று பார்க்க சர்க்கரை டாக்டர்களிடம் ஒரு நைலான் இழை இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் அங்கங்கே தொடுவார்கள். 10 கிராம் அழுத்தம்தான். எங்கே தொடுகிறார்கள் என்று சொல்ல முடியாவிட்டால், கால் மரக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஊசி கிடையாது, வலி கிடையாது. இரண்டு காலுக்கும் சேர்த்து சில நிமிடங்களில் முடிந்துவிடும்.