சைக்கிளில் ஒரே நாளில் 200 கிலோ மீட்டர்! கடப்பாக்கம் போய்த் திரும்பும் கூட்டம்

சைக்கிளில் எவ்வளவு தூரம் போகலாம்?

கடைத்தெருவுக்குப் போகலாம். பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். பக்கத்து ஊர்ச் சந்தைக்கும் போகலாம்.

கன்னியாகுமரிக்குப் போக முடியுமா?

போயிருக்கிறார்கள்! 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் இரண்டு குழுவாகப் புறப்பட்டார்கள். ஒரு குழு குஜராத்தில் உள்ள லக்பத்தில் இருந்து மேற்குக் கடற்கரை ஓரமாக வந்தது. இன்னொரு குழு மேற்கு வங்காளத்தில் உள்ள பக்காலியில் இருந்து கிழக்குக் கடற்கரை ஓரமாக வந்தது. 25 நாளில் பயணம் முடிந்தது. இரு குழுவும் வந்த தூரத்தைக் கூட்டினால் 6 ஆயிரத்து 553 கிலோ மீட்டர். பெண்களும் இதில் இருந்தார்கள்.

"அவர்கள் படை வீரர்கள். பயிற்சி பெற்றவர்கள். நம்மால் ஆகுமா?" என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூர் பக்கம் போனால் கிடைக்கும்.

ஆபீசில் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், குடும்பத் தலைவிகள் என்று பலரும் இருட்டோடு இருட்டாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளை மிதித்துக் கொண்டு போவார்கள். பாதிப் பேர் கோவளத்தில் திரும்பி விடுவார்கள். இன்னும் சிலர் மாமல்லபுரம் வரை போவார்கள். மனத்திடம் உள்ளவர்கள் அதையும் தாண்டிப் போகிறார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோ மீட்டரில் இருக்கிறது கடப்பாக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடி. சென்னையில் இருந்து போய்த் திரும்பினால் ஏறத்தாழ 200 கிலோ மீட்டர். பழைய கணக்கில் சொன்னால் 125 மைல்!

பதின்மூன்றரை மணி நேரம்

இந்த 200 என்ற கணக்குக்கு ஒரு காரணம் உண்டு.

பாரீசில் உள்ள ஒரு சைக்கிள் சங்கம் நெடுந்தூரப் பயணத்துக்கு விதி வகுத்திருக்கிறது. பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். இந்தியாவிலும் பின்பற்றுகிறார்கள். 200 கிலோ மீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். காலை 5 மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறரை மணிக்குள் வந்து சேர வேண்டும். சாப்பிட்ட நேரம், பஞ்சர் ஒட்டிய நேரம், மரத்தடியில் கால் நீட்டிய நேரம் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. முதலாவது, இரண்டாவது என்ற வரிசையே கிடையாது. நேரத்துக்குள் வந்தால் எல்லோரும் சமம்.

மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் மிதித்தால் 200-க்கு 10 மணி நேரம் ஆகும். மீதி மூன்றரை மணி நேரம் கையில் இருக்கும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? காற்று என்று ஒன்று இருப்பதை மறந்து விடாதீர்கள்!

காற்று செய்யும் வேலை

மார்கழி, தை மாதங்களில் இந்தக் கரையில் வாடைக் காற்று வீசும். தெற்கே போகும்போது அது முதுகைப் பிடித்துத் தள்ளும். "நாம் இவ்வளவு பலசாலியா!" என்று புதிதாக வந்தவர் பூரித்துப் போவார். கடப்பாக்கத்தில் சைக்கிளைத் திருப்பியதும் அதே காற்று நெஞ்சில் அறையும். அப்போதுதான் விஷயம் புரியும்.

கூட்டத்தின் அருமை தெரிவதும் அப்போதுதான்.

ஒருவர் முன்னால் போனால் காற்றை அவர் கிழித்துக் கொண்டு போகிறார். அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வருகிறவருக்குக் காற்றுக் குறைவு. உழைப்பில் கால் பங்கு கூட மிச்சமாகும். அதனால் வரிசையாகப் போகிறார்கள். முன்னால் போகிறவர் சில நிமிடம் உழைத்த பிறகு ஒதுங்கிப் பின்னால் வந்துவிடுவார். அடுத்தவர் முன்னுக்குப் போவார். பலசாலி அதிக நேரம் முன்னால் இருப்பார். களைத்தவரை நடுவில் விட்டுக் கொள்வார்கள்.

முன்னால் போகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாலையில் பள்ளம் இருந்தால் கையைக் காட்டி, "பள்ளம்!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் ஒவ்வொருவராகக் கடைசி ஆள் வரை போகும். பின்னால் பஸ் வந்தால் குரல் கடைசியில் இருந்து முன்னுக்கு வரும்.

எல்லோருக்கும் கடைசியில் வருகிறவர் யார் தெரியுமா? நோஞ்சான் அல்ல. இந்தச் சாலையைப் பலமுறை பார்த்த அனுபவசாலி. அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. யாராவது சோர்ந்தால் அவரும் வேகத்தைக் குறைப்பார். சீமைக் கருவேல முள் குத்தி டியூப் போனால் அவரும் இறங்குவார். என்னைக் கேட்டால், கூட்டத்திலேயே கஷ்டமான வேலை இதுதான். வேகமாகப் போகத் தெரிந்தவர், நாள் முழுவதும் மெதுவாகப் போக வேண்டும்!

கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம். கூவத்தூர். முதலியார்குப்பம் படகுத் துறை. பிறகு பனை மரங்களும் கழிநீரும்தான்.

பழைய பாதை

கடப்பாக்கத்தை ஒட்டிய பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். பேரூராட்சிக்கும் இன்று அதே பெயர்தான். இது நேற்று வைத்த பெயர் அல்ல. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர்.

அந்த நூல் எதைப் பற்றியது? வழிநடந்து போகும் ஒரு கூட்டத்தைப் பற்றியது! எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று பாணர்களுக்கு வழி சொல்கிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன். ஆமூரில் நண்டும் சோறும். எயிற்பட்டினம் என்பது பக்கத்தில் உள்ள மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

சைக்கிள்காரர்களுக்குச் சுட்ட மீன் சரிப்படாது. இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய்தான். பசிப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும். தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும். வியர்வையில் உப்பும் போய்விடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக் கொண்டிருந்தால் போதாது. உப்புப் போட்ட மோரும் எலுமிச்சம் பழச் சாறும் நல்லது.

சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. கழி கடலில் சேரும் இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. ஒரு காலத்தில் இங்கே கப்பல் துறை இருந்தது. நாணயம் அடித்தார்கள். 1735-ல் ஆற்காடு நவாப் தோஸ்த் அலிகானிடம் இருந்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சம் நின்ற சுவர்களை 2004-ம் ஆண்டு சுனாமியும் விடவில்லை.

பார்த்து ரசிக்க அரை மணி நேரம். அதற்கு மேல் கோட்டையில் உட்கார்ந்தால் நேரக் கணக்கில் கோட்டை விட வேண்டியதுதான்!

இதே சாலையில் இன்னும் சிலர்

திரும்பும் வழியில் ஒரு வேடிக்கை. காலையில் தெற்கே போகும்போது இடது கன்னத்தில் வெயில் அடித்தது. மாலையில் வடக்கே வரும்போதும் இடது கன்னத்தில்தான் அடிக்கிறது! வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தால் முகம் இரண்டு நிறமாக இருக்கும்.

இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது உல்லாசப் பயணம் போகிறவர்கள் மட்டும் அல்ல. உப்பளத்துக்குப் போகும் தொழிலாளி ஓட்டுகிறார். பள்ளிக்கூடத்துப் பெண் ஓட்டுகிறாள். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைக் கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் கேலி எடுபடவில்லை.

பளிச்சென்று மஞ்சள் சட்டை போட்ட 20 பேர் வரிசையாகப் போனால் லாரி டிரைவர் தூரத்திலேயே பார்த்து விடுவார். உப்பளத்தில் இருந்து தனியாக, பொழுது சாய்ந்த பிறகு, விளக்கில்லாத சைக்கிளில் வருகிறவரை எப்படிப் பார்ப்பார்? எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் வேறு கண்ணைக் கூசும். முந்திச் செல்லும் கார் சாலை ஓரம் வரை ஏறி வரும்.

பின்சக்கரத்துக்கு மேல், மட்கார்டில் ஒட்டும் சிவப்புப் பட்டைக்குச் சில ரூபாய்தான் ஆகும். உங்கள் வீட்டுச் சைக்கிளில் அது இருக்கிறதா? இன்றைக்கே எழுந்து போய்ப் பாருங்கள்.

நெடுந்தூரக்காரர்களுக்கு இதில் சலுகை கிடையாது. 200 முடித்தவர்களுக்கு அடுத்தது 300. அதற்கு 20 மணி நேரம். பிறகு 400. அதற்கு 27 மணி நேரம். 600-க்கு 40 மணி நேரம். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாரீசில் இருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் 1,200 கிலோ மீட்டர் பயணம் நடக்கிறது. அதற்கு அதிகபட்சம் 90 மணி நேரம். 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது அது. நம் நாட்டவரும் போய் முடித்து வந்திருக்கிறார்கள்.

இரவில் ஓட்டும்போது முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மேலே மின்னும் பட்டை போட்ட சட்டை. இவை இல்லாவிட்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லி விடுவார்கள்.