வென்றவளைக் குளிர்விக்கும் சடங்கு

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் புதுக்குடியிருப்பைக் கடக்கும்போது போர் வெற்றிச் சின்னம் ஒன்று தெரியும். துப்பாக்கியும் தேசியக் கொடியும் ஏந்திய படைவீரனின் சிலை. அங்கிருந்து சிறிது தூரம் போனால் நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம், இவை இரண்டுக்கும் இடையில் ஒரு கேள்வி எனக்குள் எழும்: வெற்றி என்று எதைச் சொல்கிறோம்?

அரசுக்கு அது 2009 மே மாதம். எங்கள் மேடைகளில் அது மகனைப் போருக்கு அனுப்பிய வீரத்தாய். போருக்குப் பிறகு வீடுகளில் அது பட்டம், வெளிநாடு, கலியாணம் என்று மாறியது. முப்பது வயது தாண்டியும் கலியாணம் கட்டாத என்னிடம் சொந்தக்காரர் கேட்பதும் அதையே. இந்தக் கணக்குகள் எதிலும் கணவனை இழந்தவளுக்கோ, முன்னாள் பெண் போராளிக்கோ, திருநங்கைக்கோ இடமில்லை.

கண்ணகியை எடுத்துக்கொள்வோம். அவள் வழக்கில் வென்றவள், மதுரையை எரித்தவள். ஆனால் ஈழத்துக் கண்ணகி வழிபாடு அந்த எரிப்பைக் கொண்டாடுவதில்லை. கோபத்தோடு இங்கு வந்தவள் பத்தாவதாகத் தங்கிய இடமே வற்றாப்பளை என்பது ஐதீகம். வைகாசிப் பொங்கலில் அங்கு கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். மட்டக்களப்பில் பல கண்ணகி கோயில்களின் கதவு ஆண்டுக்கொருமுறை வைகாசியில் திறக்கும். சடங்கின் நிறைவாகக் குளிர்த்திப் பாடல் பாடி அம்மனைக் குளிர்விப்பார்கள். ஒரு பெண்ணின் கோபத்தை இந்த வழிபாடு குற்றமாகப் பார்ப்பதில்லை. அதை ஆற்றுவது ஊரின் கடமை என்கிறது. நான் பெண்ணிய ஆன்மீகம் என்று சொல்வது இதைத்தான்.

குளிர்த்தி என்றால் மறந்துவிடுவது அல்ல. முதலில் பாண்டியன் தன் தவறை ஒப்புக்கொண்டான். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு அந்தப் பதில்கூட இன்னும் கிடைக்கவில்லை. பதில் சொல்லாமல் நல்லிணக்கம் பேசுவது, தீயை அணைக்காமல் சாம்பலைக் கூட்டுவது போன்றது.

கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். அவர்களின் கம்மடுவச் சடங்கில் பூசகரான ஆண் பெண்ணுடை அணிந்து பத்தினியாக நிற்கிறார். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. ஆண், பெண் என்ற கோடு சாமிக்கு முன்னால் அழிகிறது. விடிந்ததும் அதே கோட்டைக் கீறிவிடுகிறோம். தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் 1883ஆம் ஆண்டு காலனித்துவத் தண்டனைச் சட்டக்கோவையின் மிச்சம். அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டம் மாறினாலும் வீட்டுக் கதவு தானாகத் திறக்காது. பெண்ணுடையில் சாமியாக வந்தால் கும்பிடுகிறோம், மனுசியாக வீதியில் வந்தால் சிரிக்கிறோம்.

எல்லா மரபும் விடுதலை தரும் என்று நான் சொல்லவில்லை. கற்பு என்ற சொல்லால் கண்ணகியையே பெண்களுக்கு விலங்காக்கியவர்களும் நாங்கள்தான். ஆனாலும் அவளது சடங்கில் இன்னொரு அளவுகோல் இருக்கிறது. யாரை வென்றோம் என்று அது கேட்பதில்லை. எரிந்துகொண்டிருப்பவர் யார், அவருக்கு யார் பதில் சொன்னார், யார் தண்ணீர் கொண்டுவந்தார் என்று கேட்கிறது. முள்ளிவாய்க்கால் கஞ்சியை வீதியில் நின்று எல்லோருக்கும் ஊற்றிக்கொடுக்கும் பெண்களுக்கு அந்த அளவுகோல் ஏற்கெனவே தெரியும்.