ஒரே ஓர் எழுத்து

நம் ரத்தச் சிவப்பணு வட்டமானது, நடுவில் சற்றுக் குழிந்தது, நன்றாக வளைந்து கொடுப்பது. தன்னைவிடக் குறுகிய நாளத்திலும் உடலை மடித்து நுழைந்து வந்துவிடும். சிலருக்கு அதே அணு, ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் விறைத்துக் கதிர் அறுக்கும் அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. விறைத்தவை ஒன்றோடொன்று சிக்கி நாளத்தை அடைத்துக்கொள்ளும்போது எழும் வலி, எலும்பை முறித்தாற்போல இருக்கும். இயல்பான சிவப்பணு 120 நாள் வாழும். இது 20 நாளைத் தாண்டுவதே அரிது.

இத்தனைக்கும் காரணம் ஓர் எழுத்து. 11ஆவது குரோமோசோமில், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஓர் அங்கமான பீட்டா குளோபின் என்ற புரதத்துக்கான மரபணு இருக்கிறது. அந்தப் புரதத்தை எழுதிக் காட்ட 444 டி.என்.ஏ. எழுத்துகள் போதும். அவற்றில் ஓரிடத்தில் ‘ஏ’ இருக்க வேண்டியதற்குப் பதில் ‘டி’. 146 அமினோ அமிலங்கள் கோத்த சரத்தில் ஆறாவது மணி அதனால் மாறிவிடுகிறது. நீரோடு ஒட்டி வாழும் குளூட்டாமிக் அமிலம் போய், நீரை விலக்கும் வேலின் வந்து உட்காருகிறது. அது பக்கத்து ஹீமோகுளோபினின் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்ள, அதன்மேல் இன்னொன்று ஒட்ட, அணுவுக்குள் நீண்ட கம்பிகள் முளைக்கின்றன. வெர்னான் இங்கிராம் 1950களில் கேம்பிரிட்ஜில் இந்த ஒற்றை மணியைத் தேடிப் பிடித்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஒரே மரபணுவின் பிழையால் வருவதால் இந்த அரிவாள் அணு நோயை ஒற்றை மரபணு நோய் என்கிறோம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என அந்த மரபணு நமக்கு இரண்டு படிகளாக வருகிறது. ஒன்று மட்டும் பிழையானால் அவர் கடத்துபவர், பெரும்பாலும் நோயாளி அல்ல. இரண்டும் பிழையானால்தான் நோய். கடத்துபவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. தாயை மட்டும் குறை சொல்வதோ பெருந்தவறு. இரு பக்கமும் சேராமல் இந்த நோய் வராது.

இவ்வளவு துன்பம் தரும் எழுத்து ஏன் அழிந்துபோகவில்லை? ஒற்றைப் படி வைத்திருப்பவரைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று 1954இல் அந்தோணி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளால் காட்டினார். மலேரியா மண்ணில் அந்த ஒற்றைப் படி ஒரு காப்பு. அதனாலேயே தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நம் நீலகிரியின் பழங்குடியினரிடையே இதே அரிவாள் அணுக்களைக் கண்டு அறிவித்தார்கள். இந்தியாவைப் பற்றிய முதல் அறிக்கைகளுள் அதுவும் ஒன்று.

அப்படியானால் ஆப்பிரிக்காவில் ஒருமுறை, இங்கே ஒருமுறை எனத் தனித்தனியாகப் பிறந்த பிழையா? அந்த எழுத்தைச் சுற்றியுள்ள மற்ற எழுத்துகள் இடத்துக்கு இடம் ஐந்து வகையாக இருந்ததால், அது பலமுறை தோன்றியிருக்கும் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 2018இல் டேனியல் ஷ்ரைனரும் சார்ல்ஸ் ரோட்டிமியும் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, அந்த வகைகளெல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்று முடிவுசெய்தார்கள். ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன், சகாரா பசுமையாக இருந்த காலத்தில், ஆப்பிரிக்காவில் ஒரே ஒருவரிடம் நேர்ந்த மாற்றம். அவர் ஆணா பெண்ணா என்பது யாருக்கும் தெரியாது. தமக்கு அப்படியொன்று நேர்ந்தது என்று அவருக்கே தெரிந்திராது.

கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின்; அதில் இந்தப் பிழைக்கு இடமில்லை. அதனால்தான் பிறந்து சில மாதங்கள்வரை குழந்தைக்கு நோயின் சுவடே தெரிவதில்லை. 2023இல் பிரிட்டன் முதலில் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை இந்த வழியைத்தான் பிடித்தது. நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பூட்டைத் திறந்து, மீண்டும் உடலில் சேர்க்கிறார்கள். பிழையான எழுத்தை அவர்கள் தொடுவதே இல்லை. குணமடைந்தவரின் கருமுட்டையிலும் விந்தணுவிலும் அந்த ‘டி’ அப்படியே இருக்கிறது; பிறக்கும் பிள்ளைக்கு அது போய்ச் சேரும்.